உச்சியில் வைத்த துளிகள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், ஒரு குழந்தை மருத்துவ நிலையத்தில் தமிழ்த் தாய்மாருக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. மருத்துவர் இத்தாலியனில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. ஓர் இடத்தில் மட்டும் அதை மீறுகிறேன். பிறந்த குழந்தைக்கு விற்றமின் டி துளிகளை எழுதிக் கொடுத்து, நாள் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் நானாகவே ஒரு வரியைச் சேர்த்துவிடுவேன்.

“வாய்க்குள்ளை விடவேணும். தலையிலை வைக்கிறேல்லை.”

தாய்மார் சிரிப்பார்கள். “ஆரக்கா மருந்தைக் கொண்டுபோய்த் தலையிலை வைக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள். தான் சொன்னதைவிடத் தமிழில் நீண்டுவிட்டதே என்று மருத்துவர் புருவத்தை உயர்த்துவார். தமிழ் கொஞ்சம் நீளமான மொழி என்று சொல்லிச் சமாளிப்பேன். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

தலையில் வைத்தவர் என் அம்மா. அந்தத் தலை என் அண்ணாவுடையது.

அண்ணா பிறந்தபோது நான் பிறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னவைதான். ஆனாலும் அதைத் திரும்பத் திரும்ப நினைத்து, நானே அந்த அறையின் மூலையில் நின்று பார்த்ததுபோல் ஆகிவிட்டது. சில வேளை வேலைக்கு நடுவில், மருத்துவர் ஒரு குழந்தையின் உச்சிக்குழியை விரலால் தடவிப் பார்க்கும்போது, அந்த அறை என் கண்முன் வந்து நிற்கும். அப்போது மொழிபெயர்க்க வேண்டிய வசனம் எனக்கு மறந்துபோகும்.

அறை போர்கோ வெக்கியோ என்ற பழைய பகுதியில், சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில், தரை மட்டத்தில் இருந்தது. பலெர்மோவில் வெயிலுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒழுங்கைக்கு வெயில் வருவதில்லை. மேலே நாலு மாடிக்கும் துணி காயும். கீழே மீன் தண்ணீர் ஓடும். யன்னலைத் திறந்தால் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று அம்மா மரக்கதவைச் சாத்தியே வைத்திருந்தார். இலையுதிர் காலத்துப் பிள்ளை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை வெளியே எடுக்கவில்லை. பிறகு குளிர் வந்துவிட்டது. குளிர் போனதும் கடல்காற்று பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். வெயிலில் காட்டினால் பிள்ளை கறுத்துப்போகும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவே தேவையில்லை, அது அவருக்குத் தானாகவே தெரியும். பால் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

முதல் மாதம் மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்தார். வயதானவர், நல்ல மனிதர். பிள்ளையின் உச்சியில் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தடவினார். தலையாட்டினார். பிறகு ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்து, விரல்களைச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல் காட்டினார். ஒவ்வொரு நாளும் என்றார். அம்மாவுக்கு அப்போது இத்தாலியனில் நாலைந்து வார்த்தைதான். ஆனால் இதற்கு வார்த்தை எதற்கு? வீட்டுக்கு வந்து போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். எண்ணெய். உச்சியைத் தொட்டுக் காட்டினார், எண்ணெயைத் தந்தார். பிறந்த பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வைக்க வேண்டும் என்று இந்த ஊர் வெள்ளைக்கார மருத்துவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று அம்மாவுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனதாம். தன் ஆட்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாத ஊரில், தன் வழக்கத்தை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்று நினைத்து அழுதாராம்.

காலையில் குளிப்பாட்டி, துவட்டி, சாம்பிராணி காட்டி, உச்சியில் துளிகளை விட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து ஊறவைப்பார். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலாய்க் கிடந்த நாளிலும் தவறவில்லை. போத்தல் முடிந்தால் அப்பா வேறு வாங்கி வருவார். தாய்மை என்றால் கண்ணும் கருத்தும் என்கிறார்களே, அம்மாவிடம் இரண்டும் இருந்தன.

முதல் மாதங்களில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. பார்க்க வந்த பெண்கள் கண் படும் என்று கன்னத்தில் பொட்டு வைக்கச் சொன்னார்கள். பிறகு தலை வேர்க்கத் தொடங்கியது. பால் குடிக்கும்போது தலையணை நனைந்துவிடும். மணிக்கட்டு தடித்தது. போட்ட காப்பு இறுகியது. பிள்ளை வைரமாக வளர்கிறான் என்று அப்பா பெருமைப்பட்டார். நிற்க வேண்டிய வயதில் நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு அழுதது. கடைசியில் ஒருநாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாம். அம்மா கையைத் தட்டப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். இரண்டு காலும் வெளிப்பக்கம் வளைந்து, நடுவில் ஒரு தேங்காய் போகிற இடைவெளி இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் நுனிகள் தேய்ந்த விளக்குமாறு மாதிரிப் பிரிந்து கிடந்தனவாம். இரத்தத்தில் பொஸ்பேற் என்ற உப்பு மிகவும் குறைவு. துளிகள் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் என்று அம்மா சொன்னார். அப்பாவும் சொன்னார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒழுங்காகத் துளி குடித்த பிள்ளைக்கு இப்படி வரக் கூடாது, அப்படியானால் இது பரம்பரையாக வரும் அரிய நோய் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். உடம்பு பொஸ்பேற்றைப் பிடித்து வைக்காமல் சிறுநீரோடு விட்டுவிடுகிற நோய் அது. தாய் வழியாக மகனுக்கு வரலாம் என்றார்கள். அம்மாவின் கையிலும் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அம்மா ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து, தன் சொந்தக்காரர் எல்லாருடைய கால்களையும் ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு காலை அந்தப் பிரிவின் பெண் மருத்துவர் ஒரு புதுப் போத்தலோடு வந்தார். அதை அம்மாவின் கையில் கொடுத்து, “காட்டு” என்றார். எப்படிக் கொடுக்கிறாய் என்று காட்டு.

அம்மா பிள்ளையை மடியில் வைத்தார். மூடியைத் திறந்தார். உச்சியில் துளிகளை விட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தார். நன்றாகச் செய்ய வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கவனமாகத் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து மருத்துவரின் முகத்தைப் பார்த்தார்.

யாரும் ஏசவில்லை. அதுதான் அம்மாவை இன்றுவரை விடாமல் துரத்துகிறது. ஏசியிருந்தால் அழுது முடித்திருக்கலாம். அந்த மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து, அம்மாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு, தமிழும் இத்தாலியனும் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு விளக்கினார். பாலில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருந்தது, பொஸ்பேற்றும் இருந்தது. அவற்றைக் குடல் உள்ளே எடுக்க அந்த எண்ணெய்த் துளி வேண்டும். அது இல்லாததால் உள்ளே வந்தது உடம்பில் தங்கவில்லை. உன் பாலில் குறை இல்லை என்றார். அம்மாவைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அம்மா அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்.

“நான் குடுத்த பால் எல்லாம் அவனுக்குள்ளாலை வந்து வந்து போயிருக்கு, பிள்ளை,” என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார். “ஒவ்வொரு நாளும் அவன்ரை துணியைத் தோய்ச்சு ஊத்தினனான். அவன்ரை எலும்பைத்தான் தோய்ச்சு ஊத்தியிருக்கிறன்.”

நான் இந்த வேலைக்கு வந்த பிறகு எங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன், யாருடைய கதை என்று சொல்லாமல். முதல் மாதங்களில் நோயின் அறிகுறி ஒன்றும் ஏன் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி. பாலுண்ணும் குழந்தையின் குடல் தொடக்கத்தில் இந்தத் துளியை அவ்வளவாக எதிர்பார்க்காமலே பொஸ்பேற்றை எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்றார். வளர வளர அந்தக் குடலின் போக்கு மாறும், பிறகு விற்றமின் டியின் தயவு வேண்டிவரும் என்றார். இதில் பெரும்பகுதி விலங்குகளில் பார்த்தது, பிள்ளைகளில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன் என்றும் சொன்னார். சுண்ணாம்பும் குறைந்தால் உடம்பு எலும்பைக் கரைத்துச் சமாளிக்கும், அப்போது இருக்கிற பொஸ்பேற்றும் சிறுநீரோடு போய்விடும் என்றார். கொழுகொழுவென்று இருந்த காலத்திலேயே அந்த உடம்பு தன் கடைசிச் சேமிப்பைத் தின்னத் தொடங்கியிருக்கிறது, அம்மாவோ கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அண்ணாவின் கால்கள் நிமிர்ந்துவிட்டன. துளி வாய்க்குள் போகத் தொடங்கியதும் எலும்பு இறுகியது. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. பந்து விளையாடி எங்கள் தெருக் கண்ணாடிகளை உடைத்து, எல்லாருடைய உயிரையும் வாங்கினான்.

நிமிராதவர் அம்மா. சீசாவுக்கு வீடு மாறி வந்த பிறகும், படியில் அண்ணா ஏறி வரும் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவார். வலது அடி, இடது அடி, இரண்டும் ஒரே கனமாக விழுகின்றனவா என்று காது கொடுத்துக் கேட்பார். பகலில் அண்ணா படுத்திருந்தால் பக்கத்தில் போய் இருந்து முழங்காலுக்குக் கீழே மெல்லத் தடவுவார். மற்றத் தமிழ்ப் பெண்கள் பிள்ளைகளை வெயிலில் இருந்து ஒளிக்க, எங்கள் அம்மா உச்சி வெயிலில் எங்கள் இருவரையும் பால்கனிக்கு விரட்டிக் கதவைச் சாத்துவார். உந்தப் பெண் பிள்ளையைக் கரிக்கட்டை ஆக்கப் போறாய் என்று சொன்னவர்களுக்கு வாய் திறக்கமாட்டார். அண்ணா நடக்கத் தொடங்கிய காலத்துப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கேட்டால் கமரா பழுதாய்க் கிடந்தது என்பார்.

எனக்குத் துளி கொடுத்த விதத்தையும் அம்மாவே சொன்னார். தாடையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் விரலை வைத்து, விழுங்கிவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் விடுவாராம். என் நேரான கால்களுக்கு அண்ணாவின் வளைந்த கால்கள் விலை கொடுத்தன. இது தெரிந்த பிறகு, அதை அவனிடம் சொல்லவும் முடியாமல், அவன் முன்னால் வேகமாக நடக்கவும் மனமில்லாமல் நான் இருந்த வருடங்கள் உண்டு.

அம்மா இன்னொன்றும் செய்வார். நகரத்துக்கு மேலே மலைக் குகையில் இருக்கிற புனிதையிடம் வெறுங்காலோடு ஏறிப் போவார். நாங்கள் சைவம், ஆனால் இந்த ஊரில் அது ஒரு தடை இல்லை. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அந்த மலையில் ஏறுகிறவர்கள்தான். வெள்ளியில் செய்த சின்னக் கால் சோடி ஒன்றை அங்கே நேர்ந்து வைத்திருக்கிறார். இந்த ஊர்க்காரரும் அப்படி வைப்பதால் அது யாருடைய கண்ணிலும் தனியாகப் படுவதில்லை.

எனக்கு இந்த வேலை கிடைத்தபோதுதான் அம்மா வாயைத் திறந்தார். சொல்லி முடித்து, அண்ணாவுக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். தெரிந்த மற்றவர் அப்பா. அவர் காலமான பிறகு இந்தக் கதை எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்தது.

அண்ணா மன்னார்ப் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கட்டினான். கத்தோலிக்கப் பெண். அம்மா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை, தேவாலயத்தில் முன்வரிசையில் இருந்தார். அவர்கள் ரயிலில் கொஞ்சத் தூரத்தில் உள்ள பகேரியாவில் குடியிருந்தார்கள். போன குளிர்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணியின் தாய்க்கு மன்னாரில் இருந்து வர விசா கிடைக்கவில்லை. குளிப்பாட்ட, எண்ணெய் வைக்க அம்மா வருவார் என்று அண்ணி நம்பியிருந்தார்.

அம்மா போனார். கதவடியில் நின்று பார்த்தார். தடிமன் என்று சொல்லிக் கிட்டப் போகவில்லை. அடுத்த தரம், தான் வீட்டு வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டில் வேலை அதிகம் என்றார். அதற்கடுத்த தரம் போகவே இல்லை. அண்ணி எனக்கு ஃபோன் எடுத்தார்.

“மச்சாள், உண்மையைச் சொல்லுங்கோ. மாமி என்ரை பிள்ளையைத் தொட மாட்டன் எண்டுறா. நாங்கள் வேதக்காரர் எண்டுதானே?”

“அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணி.”

“அப்ப என்ன?”

அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீற முடியவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்காகப் பேசுகிற நான், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுத்த நாள் அண்ணா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினான். படியில் அவன் அடிச்சத்தம் கேட்கவில்லை. அம்மா ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தார். யாராவது ஏறி வந்தால் கத்தியை வெங்காயத்தின் மேல் வைத்துவிட்டு நிற்பார். சத்தம் வேறு வீட்டுக் கதவில் போய் முடியும்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ரயிலில் ஏற்றினேன். “நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். வந்து இருங்கோ, போதும்,” என்றேன். ரயிலில் அம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அந்தக் கைகளுக்கு அவர் பயப்பட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

நாங்கள் போனபோது அண்ணி பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார். மேசையில் நல்லெண்ணெய்ப் போத்தலும், பக்கத்தில் அந்தத் துளிப் போத்தலும் இருந்தன. அண்ணா எழுந்து நின்றானே தவிர, வாங்கோ என்று சொல்லவில்லை. அண்ணி யாருடைய முகத்தையும் பாராமல் நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பிள்ளையின் உச்சிக்குக் கொண்டுபோனார்.

“வேண்டாம்,” என்றார் அம்மா. அறையில் இருந்த எல்லாரும் திடுக்கிட்டோம். அம்மாவின் குரல் அவ்வளவு உரமாக வந்து நான் கேட்டதில்லை.

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. “நீங்களும் தொட மாட்டியள், மாமி. நானும் தொடக் கூடாதோ?”

“அம்மா, போதும். வீட்டை போங்கோ,” என்றான் அண்ணா.

அம்மா போகவில்லை. அண்ணாவுக்கு முன்னால் தரையில் அமர்ந்தார். “காற்சட்டையை முழங்காலுக்கு மேலை இழுத்து விடு, அப்பன்,” என்றார். அண்ணா என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் ஒன்றும் விளங்காமல் இழுத்துவிட்டான். நேரான, மயிர் அடர்ந்த, முப்பது தாண்டிய ஆம்பிளைக் கால்கள். அம்மா அவற்றை இரண்டு கைகளாலும் மேலிருந்து கீழே தடவினார்.

“இது வளைஞ்சு கிடந்தது. நீ நிக்க மாட்டாமல் அழுதனி,” என்றார். “வாய்க்குள்ளை விடச் சொல்லித் தந்த மருந்தை நான் உன்ரை உச்சியிலை தேய்ச்சனான். ஒரு வருசம் தேய்ச்சனான். உவள் வேதக்காரி எண்டு இல்லை, ராசா. என்ரை கையாலை இன்னொரு பிள்ளைக்கு எதையும் குடுக்க எனக்குப் பயம்.”

பிறகு அண்ணியிடம் திரும்பினார். “நான் மலைக்கு ஏறுறது ஆருக்காக எண்டு முந்தி ஒருநாள் கேட்டனி. இந்தக் காலுக்காகத்தான்.”

அண்ணி எண்ணெய்க் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார். அண்ணா தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான், இரவல் கால்களைப் பார்ப்பது மாதிரி. அவன் கோபப்பட்டால் அம்மா தாங்கமாட்டார், அழுதாலும் தாங்கமாட்டார்.

அவன் இரண்டும் செய்யவில்லை. காற்சட்டையை இறக்கிவிட்டான். பிள்ளையை வாங்கி அம்மாவின் மடியில் வைத்தான். மேசையில் இருந்த துளிப் போத்தலை எடுத்து, அம்மாவின் விரல்களைத் தானே விரித்து, அதற்குள் வைத்தான்.

“காட்டுங்கோ அம்மா,” என்றான். “எப்பிடிக் குடுக்கிறது எண்டு காட்டுங்கோ.”

ஆஸ்பத்திரியில் அந்த மருத்துவர் சொன்ன சொல் அவனுக்குத் தெரியாது. அம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். மூடியைத் திறக்க நேரம் எடுத்தது. முதல் துளி தவறிப் பிள்ளையின் தாடையில் விழுந்தது. இரண்டாவது வாய்க்குள் விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்பியது. அம்மா அதன் தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“உள்ளை போயிட்டுதோ?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம் அம்மா, போயிட்டுது,” என்றேன்.

அம்மா விரலை எடுக்கவில்லை. “தங்குமோ?” என்றார்.